மூன்று சதவீத வரம்பு: கிழக்குத் திமோரின் எண்ணெய்ப் பணம், 2005–2025

இயற்கை வளம் தரும் பணத்தை ஒரு நாடு எப்படிக் கையாள வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் இரண்டு பெயர்கள் தவறாமல் வரும். நல்ல உதாரணத்துக்கு நார்வே, கெட்ட உதாரணத்துக்குப் பசிபிக் தீவு நாடான நவ்ரு. பாஸ்பேட் விற்ற பணத்தில் மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பிய நவ்ரு, 2004இல் கடனுக்காக அதை விற்க நேர்ந்தது. எண்ணெய்ப் பணத்தை ஒரு நிதியத்தில் சேமித்து அதன் வருமானத்தை மட்டும் செலவிட முயலும் நார்வேயின் கதையை எல்லோரும் அறிவார்கள்.

இந்த ஆய்வு அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தென்கிழக்காசிய நாடான கிழக்குத் திமோரைப் பற்றியது. அந்த நாடு எண்ணெய்ப் பணத்தைச் சேமிக்கும் தன் சட்டத்தை நார்வேயைப் பார்த்து எழுதியது. சேமிப்புக் கணக்கிலிருந்து யாரும் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடவில்லை, கணக்குகள் ஒழுங்காக வெளியாகின்றன. ஆனாலும் கடலடி எரிவாயு தீர்ந்துவிட்ட இன்றைய நிலையில், சேர்த்த பணம் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதுதான் அங்கே ஒவ்வொரு பட்ஜெட் விவாதத்திலும் கேட்கப்படும் கேள்வி. விதிகள் சரியாக இருந்தும் இது எப்படி நேர்ந்தது என்று காலவரிசையில் பார்க்கிறேன். ஆட்களைப் பெயர் சொல்லாமல் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன். ஆட்சிகள் மாறியபோதும் முடிவுகள் ஒரே திசையில்தான் சென்றன என்பதால் பெயர்கள் இங்கே அதிகம் உதவா.

பின்னணி

போர்ச்சுகலின் காலனியாக இருந்த கிழக்குத் திமோர் 1975 நவம்பர் 28 அன்று விடுதலையை அறிவித்தது. பத்து நாள்கூட ஆகாமல் இந்தோனேசியப் படை உள்ளே நுழைந்தது. ஆக்கிரமிப்பு 24 ஆண்டுகள் நீடித்தது. 1999 ஆகஸ்ட் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் விடுதலைக்கு வாக்களித்தார்கள். அதற்குப் பழிவாங்கும் விதமாக இந்தோனேசியப் படையின் ஆதரவு பெற்ற ஆயுதக் குழுக்கள் வீடுகள், பள்ளிகள், மின் இணைப்புகள் என நாட்டின் பெரும்பகுதியை எரித்துவிட்டுப் போயின. இடைக்காலத்தில் ஐ.நா. நிர்வாகம் நடந்தது. 2002 மே 20 அன்று நாடு முறைப்படி விடுதலை பெற்றது.

அதே நாளில் ஆஸ்திரேலியாவுடன் திமோர் கடல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரு நாடுகளும் கூட்டாக ஆளும் கடற்பகுதியின் பெட்ரோலிய வருமானத்தில் 90 சதவீதம் திமோருக்கு, 10 சதவீதம் ஆஸ்திரேலியாவுக்கு என்பது ஏற்பாடு. அந்தப் பகுதியில்தான் பாயு-உண்டான் என்ற எரிவாயு வயல் இருந்தது. 2004இல் அங்கே திரவ எரிபொருள் உற்பத்தி தொடங்கியது. எரிவாயு குழாய் வழியாக ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குப் போய், 2006 முதல் திரவமாக்கப்பட்டு ஏற்றுமதியானது.

குழாய் டார்வினுக்குப் போனதால் திமோருக்குப் பணம் மட்டுமே வந்தது. வேலை, துறைமுகம், தொழிற்கூடம், பயிற்சி எதுவும் அதோடு சேர்ந்து வரவில்லை. பின்னால் எடுக்கப்பட்ட ஒரு பெரிய முடிவின் வேர் இந்தக் குறையில் இருக்கிறது.

விடுதலையின்போது நாட்டின் ஆண்டு பட்ஜெட் பத்துக் கோடி டாலருக்கும் கீழேதான் இருந்தது. அதிலும் கொடை நாடுகளின் உதவி பெரும்பங்கு. புழக்கத்தில் இருந்தது அமெரிக்க டாலர், இன்றும் அதுதான். மிகப் பலர் வறுமையில் வாழ்ந்தார்கள். வெளிநாட்டுக்கு விற்கச் சொந்தமாக இருந்தது காபி மட்டுமே.

2005: சட்டம்

நார்வே நிபுணர்களின் உதவியோடு எழுதப்பட்ட பெட்ரோலிய நிதியச் சட்டம் 2005 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இன்று வாசித்தாலும் அது எளிமையான, தெளிவான சட்டமாகத்தான் தெரிகிறது. பெட்ரோலியத்தால் வரும் எல்லா வருமானமும் நேரே நிதியத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து பணம் வெளியேற ஒரே வழி நாடாளுமன்றம் ஒப்புதல் அளிக்கும் அரசு பட்ஜெட். அமைச்சகங்கள் தனியாகக் கைவைக்க முடியாது. கணக்கைச் சுதந்திரமான தணிக்கையாளர் சான்றளிக்க வேண்டும், ஒரு ஆலோசனைக் குழு நாடாளுமன்றத்துக்குக் கருத்துச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் குறைந்தது 90 சதவீதப் பணத்தை டாலர் கடன் பத்திரங்களில்தான் போடலாம் என்றும் இருந்தது.

எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கும் சட்டத்தில் சூத்திரம் உண்டு. நிதியத்தில் இருக்கும் தொகையோடு, நிலத்தடியில் மிச்சமிருக்கும் வளத்திலிருந்து வரப்போகும் வருமானத்தின் இன்றைய மதிப்பையும் கூட்டினால் கிடைப்பது நாட்டின் மொத்த பெட்ரோலியச் செல்வம். அதில் மூன்று சதவீதத்தை ஆண்டுதோறும் எடுக்கலாம். நீண்டகால முதலீட்டில் பணவீக்கம் போக மூன்று சதவீதம் கிடைக்கும் என்ற கணிப்பின்படி, வட்டியை மட்டும் உண்டு முதலைத் தொடாமல் இருப்பதுதான் நோக்கம். கிணறு வற்றினாலும் வருமானம் வற்றக் கூடாது.

இந்த வரம்புக்கு ஒரு விதிவிலக்கும் வைத்தார்கள். அரசு வரம்பைத் தாண்டி எடுக்கலாம், ஆனால் அது நாட்டின் நீண்டகால நலனுக்கு ஏன் உகந்தது என்ற விளக்கத்தை நாடாளுமன்றத்தில் முன்வைக்க வேண்டும். எரிந்து கிடந்த ஒரு நாட்டைக் கட்டியெழுப்ப வேண்டியவர்களுக்கு இந்த வாசல் தேவைதான். வட்டியை மட்டும் உண்பது ஏற்கெனவே வீடு கட்டி முடித்தவர்களுக்கு எளிது. விதிவிலக்கு இருந்ததில் நான் பிழை காணவில்லை. அதற்கு அளவும் காலமும் குறிக்காமல் விட்டதைத்தான் இந்த நிகழ்வின் முதல் திருப்பமாகக் கருதுகிறேன்.

2005 செப்டம்பரில் சுமார் 20 கோடி டாலரோடு நிதியம் தொடங்கியது.

2006: பணம் இருந்தும் இல்லாத நாடு

ராணுவத்துக்குள் மேற்கு மாவட்ட வீரர்கள் பாகுபாட்டைப் புகாராகக் கிளப்பினார்கள். படையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பதவிநீக்கம் செய்யப்பட்டது. ஏப்ரல், மே மாதங்களில் தலைநகர் டிலியில் மோதல் வெடித்தது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் இடம்பெயர்ந்து முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கினார்கள். பிரதமர் பதவி விலகினார், சர்வதேசப் படைகள் திரும்பி வந்தன.

இந்த நெருக்கடிக்குப் பல காரணங்கள் இருந்தன. ஆனால் 2007இல் ஆட்சிக்கு வந்த கூட்டணி அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட பாடத்தைப் படித்தது. விடுதலை கிடைத்து ஐந்தாண்டு ஆகியும் மக்கள் கையில் எதுவும் சேரவில்லை, பணமோ அமெரிக்கக் கருவூலப் பத்திரங்களில் தூங்குகிறது, இப்படியே போனால் நாடு மறுபடி எரியும் என்பது அந்தப் பாடம். முகாம்களில் பல்லாயிரம் பேர் இருக்கும்போது எதிர்காலத் தலைமுறையின் பங்கைப் பற்றிப் பேசுவது எந்தப் பிரதமருக்கும் கடினம்.

அரசு பணத்தால் அமைதியை வாங்கியது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வீட்டின் சேதத்தைப் பொறுத்து 4,500 டாலர் வரை கிடைத்தது. பதவியிழந்த வீரர்களுக்கு ஆளுக்கு 8,000 டாலர். விடுதலைப் போராளிகளுக்கு ஓய்வூதியம், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதம் 20 டாலர் உதவித்தொகை. சில ஆண்டுகளுக்குள் முகாம்கள் மூடப்பட்டன, அமைதி திரும்பியது. பொருளாதார நூல்கள் இதை நுகர்வுச் செலவு என்று ஒதுக்கிவிடும். உள்நாட்டுப் போர் ஒன்றைத் தவிர்த்த செலவு அது என்றும் எழுதலாம். இந்தக் கட்டத்து முடிவு சரியே என்பது என் மதிப்பீடு.

2008: நீதிமன்றம் கேட்ட கேள்வி

2008இல் உலகெங்கும் அரிசி விலை ஏறியது. இறக்குமதி அரிசியை நம்பியிருந்த திமோரில் அரசு ஆண்டின் நடுவே திருத்த பட்ஜெட் கொண்டுவந்தது. 35 கோடி டாலர் அளவில் இருந்த பட்ஜெட் 77 கோடியானது. அதில் 24 கோடி டாலரில் பொருளாதார நிலைப்படுத்தல் நிதி ஒன்றும் அடக்கம். மூன்று சதவீத வரம்புக்கு மேல் 29 கோடி டாலர் எடுக்கத் திட்டம்.

எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அக்டோபரில் தீர்ப்பு வந்தது. நிலைப்படுத்தல் நிதி அரசியல் சாசனத்துக்கு முரணானது, வரம்பு தாண்டிய தொகைக்குச் சட்டம் கேட்கும் விளக்கம் தரப்படவில்லை, ஆகவே அது செல்லாது. ஆளும் தரப்பு தீர்ப்பைக் கடுமையாக விமர்சித்தது. ஆனால் அந்த ஆண்டு உண்மையில் எடுக்கப்பட்ட பணம் வரம்புக்குள்ளேயே நின்றது.

பிறந்து ஆறே ஆண்டான நாட்டில் ஒரு நீதிமன்றம் அரசின் பணப்பையைப் பிடித்து நிறுத்தியது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் நீண்டகால விளைவு வேறாக இருந்தது. விளக்கம் எங்கே என்றுதான் நீதிமன்றம் கேட்டது. விளக்கம் போதுமானதா என்பதை அளக்கச் சட்டத்தில் அளவுகோல் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டிலிருந்து அரசு விளக்கத்தை இணைத்தே பட்ஜெட்டைக் கொண்டுவந்தது. சாலை, மின்சாரம், மனித வளம் நீண்டகால நலனுக்குத் தேவை என்று ஒரு கடிதம் சொன்னால் சட்டத்தின் நிபந்தனை நிறைவேறிவிடும். தடையாக எழுதப்பட்ட விதி இப்படி ஒரு படிவமாக மாறிப்போனது.

2009 முதல்: வரம்பு தாண்டிய ஆண்டுகள்

2009இல் முதன்முறையாக வரம்புக்கு மேல் பணம் எடுக்கப்பட்டது. 2012இல் எடுத்த தொகை ஏறத்தாழ 150 கோடி டாலர், வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். 2013இல் ஒருமுறை வரம்புக்குள் வந்தது. அதன் பிறகு மீறல் வழக்கமாகிவிட்டது.

அந்நாட்களில் அது யாரையும் பெரிதாக உறுத்தவில்லை. எண்ணெய் விலை உயர்ந்திருந்தது. 2012இல் மட்டும் சுமார் 350 கோடி டாலர் பெட்ரோலிய வருமானம் வந்தது, அதுவே உச்சம். இரு மடங்கு எடுத்தும் நிதியம் வளர்ந்தது. 2014 முடிவில் அதில் 1,600 கோடி டாலருக்கு மேல் இருந்தது. உள்ளே வருவது வெளியே போவதைவிட அதிகமாக இருக்கும்வரை, வரம்பு மீறல் வெறும் கணக்குப்பிள்ளையின் கவலையாகத் தோன்றும். ஆனால் அந்தச் சூத்திரம் வரப்போகும் வருமானத்தையும் ஏற்கெனவே கணக்கில் சேர்த்துத்தான் மூன்று சதவீதம் என்று சொல்கிறது. நிதியம் வளர்கிறதே என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை.

இதே காலத்தில் எடுத்த ஒரு நல்ல முடிவையும் சொல்ல வேண்டும். 2011இல் சட்டத்தைத் திருத்தி, பங்குகளில் 50 சதவீதம் வரை முதலீடு செய்ய அனுமதித்தார்கள். 2012 தொடங்கி 2014க்குள் பங்குகளின் அளவு படிப்படியாக 40 சதவீதத்துக்கு உயர்த்தப்பட்டது. கருவூலப் பத்திரங்களில் மட்டும் இருந்திருந்தால் பணவீக்கம் போக மூன்று சதவீத வருமானம் கனவாகவே இருந்திருக்கும். பின்னாளில் எண்ணெய் வருமானம் வறண்டபோது நிதியத்தைத் தாங்கிப் பிடித்தது பெரும்பாலும் இந்த முதலீட்டு வருமானம்தான்.

எடுத்த பணம் எங்கே போனது? பெரிய தொகை மின்சாரத்துக்கு. ஹேராவில் 2011இலும் பெட்டானோவில் 2013இலும் மின் நிலையங்கள் திறக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து சுமார் 250 மெகாவாட். நாடு முழுக்க மின்கம்பி இழுக்கப்பட்டது. 2010 வாக்கில் பாதிக்கும் குறைவான வீடுகளில்தான் மின்சாரம் இருந்தது, இன்று ஏறத்தாழ எல்லா இடங்களுக்கும் எட்டியிருக்கிறது. பார்வைக்குத் தெரியும் மாற்றம் இது. ஆனால் அந்த நிலையங்கள் இறக்குமதி டீசலில் ஓடுகின்றன, மின் கட்டணம் உற்பத்திச் செலவைவிடக் குறைவு. கட்டியது மூலதனச் செலவு என்று எழுதப்பட்டது. ஓட்டும் செலவு ஆண்டுதோறும் அதே நிதியத்தின் தலையில் விழுகிறது. விதிவிலக்குக்கு அரசு எழுதிய விளக்கங்களில் இந்த இரண்டாவது பகுதி அழுத்தமாக இடம்பெறவில்லை.

இன்னொரு பங்கு ஒப்பந்ததாரர்களுக்கு. வாக்கெடுப்பின் பத்தாம் ஆண்டையொட்டி 2009இல் சிறு கட்டுமான வேலைகள் ஏராளமான உள்ளூர் நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. உள்ளூர் முதலாளிகளை உருவாக்குவது நோக்கம். உருவானவர்கள் பெரும்பாலும் அரசு ஒன்றையே வாடிக்கையாளராகக் கொண்டவர்கள். பட்ஜெட் தாமதமானால் அவர்களின் தொழிலும் நின்றுவிடும், நாட்டின் வளர்ச்சி விகிதமும் சரிந்துவிடும். 2017–18இல் நாடாளுமன்றச் சிக்கலால் பட்ஜெட் தடைபட்டபோது இதுவே நடந்தது.

மூன்றாவது பங்கு உதவித்தொகைகள். முதியோர் தொகை 30 டாலராக உயர்ந்தது. போராளிகளின் ஓய்வூதியத்துக்கு ஒதுக்கிய பணம் மற்ற எல்லா உதவித்தொகைகளையும் மிஞ்சியது, பயனாளிகளின் பட்டியலும் நீண்டுகொண்டே போனது. 2008இல் அமைதிக்காகக் கொடுத்தது ஒரு தசாப்தம் கழித்து நிரந்தர உரிமையாக நின்றது. 2022இல் போராளிகளுக்கென்று தனியாக 100 கோடி டாலர் நிதியம் அமைக்கும் அளவுக்கு அது போனது. அடுத்த ஆண்டு வந்த அரசு அதைக் கைவிட்டது.

இவ்வளவுக்கும் நடுவே, பணம் உருப்படியாகச் சென்ற ஒரு சிறு வழியும் இருந்தது. 2012இல் தொடங்கிய தேசிய ஊரக வளர்ச்சித் திட்டம், சுகோ எனப்படும் ஊராட்சிகளுக்கு நேரடியாகப் பணம் கொடுத்தது. குடிநீர்க் குழாய், நடைபாதை, சிறு பாலம் என எது வேண்டும் என்று ஊரே முடிவு செய்தது. பட்ஜெட்டில் அதன் பங்கு மிகச் சிறிது.

கண்ணில் படாத முடிவு: வரி

எல்லாக் கணக்குகளும் செலவையே பார்க்கின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2008இல் வந்த வரிச் சட்டம். நிறுவன வருமான வரி 10 சதவீதமாகக் குறைந்தது. இறக்குமதித் தீர்வை 2.5 சதவீதம், இறக்குமதிப் பொருட்கள் மீதான விற்பனை வரி 2.5 சதவீதம். மாதம் 500 டாலருக்குக் கீழே சம்பளம் வாங்குவோருக்கு வரியே இல்லை. முதலீட்டாளர்கள் வருவார்கள், பொருள் விலை குறையும் என்பது சொல்லப்பட்ட காரணம். எண்ணெய்ப் பணம் வந்துகொண்டிருக்கும்போது மக்களிடம் ஏன் வரி வாங்க வேண்டும் என்பது சொல்லப்படாத காரணமாக இருந்திருக்கலாம்.

முதலீட்டாளர்கள் எதிர்பார்த்த அளவில் வரவில்லை. டாலர் நாணயம், உயர்ந்த போக்குவரத்துச் செலவு, தெளிவற்ற நில உரிமை, பயிற்சி இல்லாத தொழிலாளர்கள் என்று தடைகள் வேறு இடத்தில் இருந்தன. 2011, 2012இல் அரசுச் செலவின் அழுத்தத்தால் பணவீக்கம் பத்து சதவீதத்தைத் தாண்டியது. 2012இல் மாதம் 115 டாலராக நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், உற்பத்தித்திறன் குறைந்த ஒரு பொருளாதாரத்துக்கு அண்டை இந்தோனேசியாவோடு போட்டியிடப் போதுமான குறைவாக இல்லை, ஒரு குடும்பம் வாழப் போதுமான அளவாகவும் இல்லை. உள்ளூரில் விளைவிப்பதைவிட இறக்குமதி செய்து விற்பது லாபமானது. தீர்வை 2.5 சதவீதமாக இருக்கும்போது வணிகர் வேறு என்ன செய்வார்?

தென்கரையும் கிரேட்டர் சன்ரைசும்

டார்வினுக்குப் போன குழாயை நாடு மறக்கவில்லை. அடுத்த பெரிய வயலான கிரேட்டர் சன்ரைசின் எரிவாயு திமோர் மண்ணுக்கே வர வேண்டும் என்பது தேசிய இலட்சியமானது. 2011இல் வெளியான 2030 வரையிலான வளர்ச்சித் திட்டத்தில் தாசி மானே, அதாவது தென்கரைப் பெட்ரோலியத் திட்டம், மையமாக இருந்தது. சுவாயில் வழங்கல் தளம், பெட்டானோவில் சுத்திகரிப்பு ஆலை, பெயாசுவில் எரிவாயுத் திரவமாக்க ஆலை, மூன்றையும் இணைக்கும் நெடுஞ்சாலை. எரிவாயு வருமா என்று தெரிவதற்கு முன்பே கட்டுமானம் தொடங்கியது. 2017இல் சுவாய் விமான நிலையம் திறந்தது. 2018இல் நெடுஞ்சாலையின் முதல் 30 கிலோமீட்டர் தயாரானது. விமான நிலையத்துக்கு விமானங்கள் அரிது, நெடுஞ்சாலையில் வண்டிகள் அரிது.

2018 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுடன் கடல் எல்லை உடன்பாடு கையெழுத்தானது. ஐ.நா. கடல் சட்டத்தின்கீழ் நடந்த முதல் கட்டாய சமரச நடைமுறையின் பலன் அது, ஒரு சிறு நாட்டுக்குப் பெரும் வெற்றி. அதன்படி குழாய் திமோருக்கு வந்தால் சன்ரைஸ் வருமானத்தில் 70 சதவீதம் திமோருக்கு, ஆஸ்திரேலியாவுக்குப் போனால் 80 சதவீதம். சும்மா வரும் கூடுதல் 10 சதவீதத்தைவிடச் சொந்த மண்ணில் ஒரு தொழில் மேல் என்று அரசு கருதியது. எரிவாயுவைத் திமோருக்குக் கொண்டுவரத் தயங்கிய இரு பன்னாட்டு நிறுவனங்களின் பங்குகளை 65 கோடி டாலருக்கு வாங்கியது. நாட்டின் பங்கு 56.56 சதவீதமானது. குடியரசுத் தலைவர் இதற்கான சட்டத் திருத்தத்தை வீட்டோ செய்தார். நாடாளுமன்றம் மறுபடி வாக்களித்து அதைத் தாண்டியது. பணம் நிதியத்திலிருந்தே வந்தது, இந்த முறை பட்ஜெட் செலவாக அல்ல, நிதியத்தின் பெட்ரோலிய முதலீடு என்ற பெயரில்.

இந்த முடிவைப் பற்றி இரண்டு மனம் எனக்கு. வருமானத்தோடு வேலையும் திறனும் வர வேண்டும் என்ற காரணம் நியாயமானது, டார்வின் குழாயின் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் எண்ணெயின் அபாயத்திலிருந்து நாட்டைக் காக்க அமைத்த நிதியம், அதே எண்ணெயில் ஒரே வயலின் மீது பெருந்தொகையை வைத்தது. பரவலாக முதலீடு செய் என்ற அடிப்படைக்கே இது எதிரானது. வாங்கி ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வயலில் உற்பத்திக்கான இறுதி முதலீட்டு முடிவு எடுக்கப்படவில்லை.

விளைவு

பாயு-உண்டானிலிருந்து திரவ எரிவாயு ஏற்றுமதி 2023 இறுதியில் நின்றது. 2025இல் வயல் முழுவதும் ஓய்ந்தது. இப்போது கடலிலிருந்து புதிய பணம் இல்லை.

நிதியம் 2021 முடிவில் சுமார் 1,960 கோடி டாலராக இருந்தது. அடுத்த ஆண்டு உலகச் சந்தையில் பங்குகளும் பத்திரங்களும் ஒன்றாக விழுந்தபோது, எடுத்த பணமும் சேர்ந்து, அது 1,730 கோடி அளவுக்கு இறங்கியது. பின்னர் சந்தை மீண்டதால் ஓரளவு ஏறியது. 13 லட்சத்துச் சொச்சம் மக்களுக்கு இது பெரிய சேமிப்புதான். ஆனால் ஆண்டுதோறும் 100 கோடி டாலருக்கு மேல் எடுக்கப்படுகிறது, வரம்போ அதில் பாதிக்கு அருகில்தான். இதே வேகத்தில் போனால் 2030களின் நடுவில் நிதியம் தீர்ந்துவிடும் என்று அரசின் சொந்தக் கணிப்புகளே பலமுறை எச்சரித்திருக்கின்றன.

மக்கள் வாழ்வில் என்ன மாறியது? வறுமை 2007இல் 50.4 சதவீதம், 2014இல் 41.8 சதவீதம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2009–10இல் 58 சதவீதம், 2020இல் சுமார் 47 சதவீதம். முன்னேற்றம் உண்டு. ஆனால் எண்ணெய்ப் பணம் புரண்ட ஒரு காலத்துக்குப் பின்னும் ஏறத்தாழ இரண்டில் ஒரு குழந்தை சத்துக்குறைவால் வளர்ச்சி குன்றியிருக்கிறது. காபி இன்னும் ஆண்டுக்குச் சில கோடி டாலர்தான் ஈட்டுகிறது. ஆஸ்திரேலியாவிலும் தென்கொரியாவிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் காபியை மிஞ்சிவிட்டது. இந்த வருமானத்தை எந்த வளர்ச்சித் திட்டமும் மையமாக வைக்கவில்லை. குடும்பங்களே தேடிக்கொண்ட வழி அது.

2025 செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் 65 உறுப்பினர்களுக்கும் புதிய கார்கள் வாங்கும் முடிவை எதிர்த்து டிலியில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். கார்களுக்கான செலவு சுமார் 42 லட்சம் டாலர், நிதியத்தோடு ஒப்பிட்டால் துளி. முடிவு கைவிடப்பட்டது, முன்னாள் உறுப்பினர்களின் வாழ்நாள் ஓய்வூதியமும் ரத்தானது. வரம்பு மீறலுக்கு எதிராக இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை. கார் கண்ணுக்குத் தெரிகிறது, மூன்று சதவீதம் தெரிவதில்லை.

நார்வேயின் விதி இங்கே ஏன் பிடிக்கவில்லை

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒழுக்கம்: அவர்களுக்கு இருந்தது, இவர்களுக்கு இல்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. நார்வேயில் நிதியத்திலிருந்து எடுக்கும் அளவைக் கட்டுப்படுத்தும் 2001ஆம் ஆண்டு விதி அரசியல் கட்சிகளுக்கிடையேயான ஒரு புரிதல் மட்டுமே, சட்டப்படி திமோரின் விதியைவிடத் தளர்வானது. ஆனால் நார்வே அரசின் செலவில் பெரும்பகுதியைச் சொந்த வரிகள் சுமக்கின்றன. நிதியம் நிரப்புவது மீதமுள்ள பற்றாக்குறையை. அங்கே வரம்பு என்பது ஒரு ஓரத்தைச் செதுக்கும் வேலை. திமோரில் நிதியமே பட்ஜெட். வரம்பை மதிக்க வேண்டுமென்றால் அரசுச் செலவில் பாதியை வெட்ட வேண்டும், எந்த நாடாளுமன்றமும் அதைச் செய்யாது. கைமாறி வந்தது விதி மட்டும். அந்த விதி நிற்கத் தேவைப்பட்ட வரி அமைப்பு கூடவே வரவில்லை. நார்வே தன் நிதியத்தில் முதல் தொகையைப் போட்டது 1996இல். அதற்குள் அது தொழில் வளர்ந்த, வரி கட்டிப் பழகிய நாடு.

மாற்றியிருக்க வேண்டியவை

விதிவிலக்கை நீக்கியிருக்கக் கூடாது, எல்லை கட்டியிருக்க வேண்டும். வரம்பு தாண்டிய ஒவ்வொரு டாலரும் பெயர் குறித்த திட்டத்துக்குத்தான், அதன் ஓட்டும் செலவின் பத்தாண்டுக் கணக்கோடுதான் என்று சட்டம் கேட்டிருந்தால், மின் நிலையங்களின் டீசல் செலவு 2010இலேயே நாடாளுமன்ற மேசைக்கு வந்திருக்கும். மீறிய தொகையை ஆண்டுதோறும் கூட்டி, ஒரு மொத்த உச்சவரம்போடு ஒப்பிடும் ஏற்பாடும் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் மீறல் புதிதாகத் தொடங்குகிறது, பழையதை யாரும் கேட்பதில்லை.

அமைதிக்காகக் கொடுத்த பணத்துக்கு முடிவுத் தேதி வைத்திருக்க வேண்டும். ஒருமுறை தரும் தொகையாகக் கொடுத்த 4,500 டாலரும் 8,000 டாலரும் முடிந்துபோயின. மாத ஓய்வூதியமாகக் கொடுத்தவை வளர்ந்தன. கொடுத்ததை நிறுத்தினால் அடுத்த தேர்தலில் தோல்வி என்பது எல்லாக் கட்சிக்கும் தெரியும், ஆகவே தேதியைத் தொடக்கத்தில்தான் எழுத முடியும்.

வரியைக் குறைத்திருக்கவே கூடாது. மதிப்புக் கூட்டு வரி பலமுறை பேசப்பட்டு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 2008இலேயே சிறு விகிதத்தில் தொடங்கி, ஆண்டுதோறும் நிதியத்திலிருந்து எடுக்கும் பங்கு குறையக் குறைய வரியின் பங்கு ஏற வேண்டும் என்ற அட்டவணை இருந்திருந்தால், கிணறு வற்றும் ஆண்டில் நாடு வெறுங்கையோடு நின்றிருக்காது. ஏழை நாட்டில் வரி பெரிய தொகை தராது என்பது உண்மைதான். வசூலிக்கும் அலுவலகமும் கணக்கு எழுதும் கடைகளும் உருவாகப் பத்துப் பதினைந்து ஆண்டு பிடிக்கும், பணம் நிறைய இருந்த காலத்தில்தான் அதற்கு அவகாசம் இருந்தது.

கிரேட்டர் சன்ரைஸ் வரலாம். வந்தால் 2030களில் புதிய வருமானம் தொடங்கும், அப்போது சூத்திரம் மறுபடி பெரிய எண் ஒன்றைக் காட்டும். அதற்குள் விதிவிலக்குப் பிரிவை நாடாளுமன்றம் திருத்தியிருக்குமா என்பதைத்தான் இந்த நிகழ்வைப் பின்தொடர்வோர் கவனிக்க வேண்டும். இதுவரை நிதியச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தங்களில் எதுவும் அந்தப் பிரிவுக்கு அளவோ காலமோ கட்டவில்லை.